திறந்த உரிமத்தில் விட்ட என் படங்களைக் கட்டணச் செயலி ஒன்று எடுத்துக்கொண்டது. உரிமத்தை இப்போது மாற்றலாமா?

இலைநரம்பு (கேள்வி):

வணக்கம். தாவரவியல் படிப்பவர்களுக்காகக் கோட்டுப்படங்கள் வரைகிறேன். பூவின் நெடுக்குவெட்டு, விதை முளைக்கும் நிலைகள், இலையின் நரம்பமைப்பு, இந்த மாதிரி. எல்லாவற்றையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் (பிஒய்: என் பெயரைப் போட வேண்டும்; எஸ்ஏ: மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் விட வேண்டும்) என் தளத்தில் போட்டு வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடம் நடத்தட்டும் என்றுதான் போட்டேன்.

சென்ற வாரம் ஒரு மாணவி திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்பினார். பார்த்ததும் வயிறு எரிந்தது. மாதச் சந்தா வாங்கும் ஒரு படிப்புச் செயலியில் என் செம்பருத்திப் பூ. வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், பாகங்களின் பெயர்களை வேறு எழுத்துருவில் போட்டிருக்கிறார்கள். என்னுடையதுதான் என்பதில் சந்தேகமே இல்லை. சூலகமுடி ஐந்தாகப் பிரியும் இடத்தில் இடது ஓரக் கிளையை மட்டும் சற்று வெளிப்பக்கமாக வளைத்திருப்பேன். பெயர் சுட்டும் கோடு அதன் மேல் மோதக் கூடாது என்பதற்காகச் செய்தது அது. செயலியில் அந்தக் கோட்டை வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள். வளைவு மட்டும் அப்படியே நிற்கிறது, அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை.

என் பெயர் எங்கும் இல்லை. போதாக்குறைக்கு, இதிலுள்ள படங்கள் யாவும் தங்கள் உடைமை, நகலெடுத்தால் சட்ட நடவடிக்கை என்று விதிமுறைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காசில்லாமல் கொடுத்ததை அவர்கள் காசுக்கு விற்கலாமா? உரிமத்தை ரத்து செய்துவிட்டு எல்லா உரிமையும் எனக்கே என்று மாற்ற முடியுமா? வணிகத்துக்குக் கூடாது என்ற என்சி நிபந்தனையைச் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காதோ? நான் எங்கும் பதிவும் செய்யவில்லை. பதிப்புரிமை என்னிடம் இருக்கிறதா என்பதே இப்போது குழப்பமாக இருக்கிறது.

கரித்துண்டு:

நானும் வரைகிறவன்தான். எல்லாவற்றையும் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். இனிமேல் சின்ன அளவில், நடுவே நீர்க்குறி போட்டு ஏற்றுங்கள். பெரிய கோப்பு வேண்டுமென்றால் கேட்டு வாங்கட்டும். திறந்து வைத்தால் எடுத்துக்கொண்டு போகத்தான் செய்வார்கள். உழைப்பு உங்களுடையது, வருமானம் அவர்களுக்கு. இதை எந்த உரிமமும் தடுத்து நான் பார்த்ததில்லை.

சுவடிக்காரர்:

கரித்துண்டின் கோபம் நியாயமானது. ஆனால் இலைநரம்பு, தயவுசெய்து எதையும் இறக்கிவிடாதீர்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் சாட்சி. எந்த நாளில், எந்த உரிமத்தில் வெளியிட்டீர்கள் என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. முதல் வேலையாக அதையும் செயலியில் உள்ள படத்தையும் அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

திறந்த பாடநூல்களைத் தொகுக்கும் ஒரு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். உள்ளே வரும் ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் பார்ப்பது என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், நான் வழக்கறிஞன் அல்ல.

உரிமை உங்களிடமேதான் இருக்கிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1886இல் வந்தது. 1908இல் பெர்லினில் அதைத் திருத்தியபோது, பதிவு போன்ற சடங்கு எதுவும் பதிப்புரிமைக்குத் தேவையில்லை என்று முடிவானது. கோடு தாளில் விழுந்த கணமே உரிமை உங்களுடையது. வரைந்தவர் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டுகளும் என்பது அந்த உடன்படிக்கை வைக்கும் குறைந்த அளவு. இந்தியாவில் 60, அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 70. சில நாடுகளில் வழக்குக்குப் போகும்போது பதிவு கைகொடுக்கும். உரிமை பிறப்பதற்கு அது வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: இவற்றில் எதையாவது சம்பளத்துக்கு, வேலையின் பகுதியாக வரைந்தீர்களா? அப்படியென்றால் பல நாடுகளில் அதன் உரிமை வேலை கொடுத்தவருக்குப் போய்விடும், அதற்கு நீங்கள் உரிமம் கொடுக்கவே முடியாது.

இனி முக்கியமான விஷயம். திறந்த உரிமம் கொடுத்தால் படத்தைத் தாரை வார்த்துவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தப் பயம் தெரிகிறது. நீங்கள் கொடுத்தது நிபந்தனையோடு கூடிய அனுமதி. உடைமை உங்களிடம் இருப்பதால்தான் நிபந்தனை போடவே முடிகிறது. சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தை எழுதியபோது கையில் எடுத்த கருவி இதே பதிப்புரிமைச் சட்டம்தான். எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் மாற்றியதை வெளியிட்டால் உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தை அடுத்தவருக்கும் கொடு. காப்பிலெஃப்ட் என்பது இவ்வளவுதான். பதிப்புரிமை இல்லாவிட்டால் அந்த "ஆனால்" என்பதை மதிக்க யாருக்கும் கட்டாயம் இருக்காது.

நிபந்தனையை மீறினால் அனுமதி தானாக முடிந்துவிடும். அதன்பின் அவர்கள் அனுமதியே இல்லாமல் நகலெடுத்தவர்கள்தான். இலவசமாகக் கொடுத்ததற்கு நிபந்தனை செல்லுமா என்று நீதிமன்றத்தில் கேட்டே பார்த்துவிட்டார்கள். மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு திறந்த மென்பொருள் பற்றிய வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல், செல்லும், மீறினால் அது பதிப்புரிமை மீறல் ஆகலாம் என்றது. காசு வாங்காத படைப்பாளிக்கும் பெயர், மரியாதை, திருத்தங்கள் திரும்பி வருதல் என்று பொருளாதாரப் பயன்கள் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதைப் படித்த நாளில் எனக்கு உண்டான நிம்மதி கொஞ்சமல்ல.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். விற்கலாமா? விற்கலாம். பிஒய்-எஸ்ஏ அதைத் தடுக்கவில்லை, சந்தா வாங்குவது மீறல் அல்ல. அந்தப் பக்கம் போய்ச் சண்டை போட்டால் தோற்பீர்கள். மீறல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பெயரும் உரிமத்தின் இணைப்பும் இல்லை. மாற்றம் செய்ததைச் சொல்லவில்லை. வண்ணம் தீட்டிய படத்தை அதே உரிமத்தில் விடவில்லை. எல்லாவற்றையும்விட, நகலெடுக்கக் கூடாது என்று மேலே ஒரு பூட்டைப் போட்டிருக்கிறார்கள். 4.0 உரிமம் இதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது: பின்னால் வருபவர்களின் உரிமையைக் குறைக்கும் விதியையோ தொழில்நுட்பத் தடையையோ சேர்க்கக் கூடாது.

அதேசமயம் முழுச் செயலியையும் திறந்துவிடு என்று கேட்டுவிடாதீர்கள். 2015இல் அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு வழக்கு முடிந்தது. பிஒய்-எஸ்ஏ 2.0இல் ஒருவர் ஃபிளிக்கரில் போட்ட புகைப்படத்தை ஒரு நிறுவனம் தன் சாலை வரைபடப் புத்தகத்தின் அட்டையில் அச்சிட்டு விற்றது. புத்தகம் முழுவதும் அதே உரிமத்தில் வர வேண்டும் என்றார் புகைப்படக்காரர். படத்தை எடுத்து அட்டையில் வைத்திருக்கிறார்கள், அதனால் புத்தகம் அந்தப் படத்தின் தழுவல் ஆகிவிடாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. பின்னட்டையில் பெயர் போட்டிருந்ததையும் போதும் என்றது. உங்கள் செம்பருத்தியின் வண்ணப் பிரதி தழுவல். அதைச் சுற்றியிருக்கும் பாடங்களும் வினாத்தாளும் அப்படியல்ல.

ரத்து செய்ய முடியாது. இந்த உரிமம் திரும்பப் பெற முடியாதது என்று அதன் உரையிலேயே இருக்கிறது. நாளை நீங்கள் தளத்தையே மூடினாலும், நிபந்தனைப்படி ஏற்கெனவே எடுத்தவர்களின் அனுமதி தொடரும். இது உங்களுக்கு எதிரானதாகத் தோன்றலாம். இந்த ஒரு வரியை நம்பித்தான் நான் உங்கள் படத்தைப் பாடநூலில் சேர்க்கிறேன். அடுத்த வருடம் நீங்கள் மனம் மாறினால் அச்சடித்த புத்தகத்தை நான் என்ன செய்வது? புதிதாக வரைவதற்கு எந்த உரிமம் வேண்டுமானாலும் போடுங்கள், அது முழுக்க உங்கள் விருப்பம்.

என்சி பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு: உங்களுக்கு அது வேண்டாம். எது வணிகம் என்பதில்தான் எல்லாச் சண்டையும் வருகிறது. 2014இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், ஒரு பொது வானொலி, கட்டணம் வாங்காத தன் இணையதளத்தில் என்சி படம் ஒன்றைப் போட்டதற்கு வழக்கு. தனிப்பட்ட பயன்பாடு தவிர எல்லாமே வணிகம்தான் என்றது கீழ் நீதிமன்றம். மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் வானொலி படத்தை வெட்டியபோது ஓரத்தில் இருந்த படைப்பாளியின் பெயரும் போய்விட்டிருந்தது, அது மீறல் என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள், என்சி வலுவிழந்த இடத்தில் பெயர் நிபந்தனைதான் நின்றது. 2018இல் அமெரிக்காவில் இன்னொன்று: பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் இருந்த பாடங்களைப் பள்ளிகளுக்காகக் காசு வாங்கிக்கொண்டு நகலெடுத்துக் கொடுத்த கடையின் மேல் வழக்கு. கடை பள்ளியின் கையாகச் செயல்படுகிறது, இது மீறல் இல்லை என்று முடிந்தது. ஆக, தடுக்க நினைப்பவரை என்சி சரியாகத் தடுப்பதில்லை. தடுக்க நினைக்காத நல்லவர்களோ பயந்து ஒதுங்குகிறார்கள். விக்கிப்பீடியா என்சி படங்களை ஏற்பதில்லை. விளம்பரம் போட்டு வலைப்பதிவு நடத்தும் ஆசிரியருக்குத் தான் எந்தப் பக்கம் என்றே தெரியாது. மூடி வைத்து விற்கும் நிறுவனத்தை உறுத்துவது எஸ்ஏதான், ஏனென்றால் மூடி வைப்பதைத்தான் அது கேள்வி கேட்கிறது.

அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், சூடாக வேண்டாம். எந்தப் படம், மூலம் எங்கே, எந்த உரிமம், என்னென்ன விடுபட்டது, என்ன செய்தால் சரியாகும் என்று மட்டும். மீறல் தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சரிசெய்தால் அனுமதி தானாக உயிர்பெறும் என்று 4.0 சொல்கிறது. பழைய பதிப்புகளில் இது இல்லை. உங்கள் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த பிறகு, தெரியாது என்று அவர்களால் சொல்ல முடியாது. சரிசெய்தாலும் அதற்கு முன்னால் நடந்த மீறலுக்கு நிவாரணம் கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கும்.

இலைநரம்பு:

மிக்க நன்றி ஐயா. மனம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே எழுதினேன், பதிலும் வந்துவிட்டது. இணையத்தில் கிடைத்ததால் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தார்களாம். பெயர் போடத் தயார். வண்ணப் பிரதியைத் திறந்துவிட மட்டும் மனமில்லை. அதற்குப் பதிலாகப் பணம் தருகிறோம், தனி உரிமம் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். செம்பருத்தி போக இன்னும் சில படங்களும் வேண்டுமாம்.

திறந்து விட்டதைத் திரும்ப ஒருவருக்கு விற்பது சரியா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவர்கள் கேட்கும் பட்டியலில் உள்ள அவரை விதைப் படத்துக்கு வண்ணம் தீட்டியவர் நான் இல்லை. என் கோட்டுப்படத்தை எடுத்து ஓர் ஆசிரியர் தீட்டி, அதே உரிமத்தில் எனக்கு அனுப்பி வைத்தார். தளத்தில் அவர் பெயரோடுதான் இருக்கிறது.

மூலநிரல்:

மென்பொருள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், எங்களுக்கு இது பழகிய சங்கதி. இரட்டை உரிமம் என்போம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பல ஆண்டுகளாக அப்படித்தான் வருகிறது: எல்லோருக்கும் ஜிபிஎல், தன் மென்பொருளைத் திறக்க விரும்பாத நிறுவனத்துக்குக் கட்டண உரிமம். சரியா என்று கேட்டால், சரிதான். பொதுவில் விட்டது பொதுவில் அப்படியே இருக்கிறது, ஒருவரும் எதையும் இழக்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுக்கும்போது அது "தனியுரிமையற்ற" அனுமதியாக, அதாவது மற்றவர்களுக்கும் நீங்கள் அனுமதி கொடுக்கக்கூடியதாக, இருக்க வேண்டும். உரிமை மாற்றம் என்று தாள் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். சில ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வாக்கியம் இருக்கும்.

அவரை விதைக்கு வருவோம். கோடு உங்களுடையது, வண்ணம் ஆசிரியருடையது. அவர் உங்களுக்குக் கொடுத்திருப்பதும் பிஒய்-எஸ்ஏ அனுமதிதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவரைக் கேட்காமல் அந்த வண்ணப் பிரதியைத் தனி உரிமத்தில் விற்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. உங்கள் கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படத்தை மட்டும் கொடுக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலை யாராலும் விலைக்கு வாங்கி மூடிவிட முடியாததற்கும் இதுதான் காரணம். 1992இலிருந்து ஜிபிஎல்லில் இருக்கிறது, எழுதிய ஆயிரக்கணக்கானோரும் அவரவர் வரிகளுக்குச் சொந்தக்காரர்கள். அத்தனை பேரையும் கூட்டிச் சம்மதம் வாங்குவது நடக்காத காரியம்.

இன்னொன்று சொல்ல ஆசை. பணத்தை வாங்குவதற்கு முன் யோசித்துப் பாருங்கள், திறக்கச் சொன்னால் சில சமயம் நினைத்ததைவிடப் பெரிதாக ஏதாவது கிடைக்கும். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல்படி மூலநிரலைக் கொடு என்று கேட்டார்கள். விடாமல் கேட்டதில் நிறுவனம் வெளியிட்டது. அதை வைத்துத் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருள். தயாரித்தவர்கள் கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்கள் இன்றும் அதில் ஓடுகின்றன. நான் நிரல் கற்றுக்கொண்டதே அதன் கோப்புகளைத் திறந்து பார்த்துத்தான். உரிமத்தைச் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

பாடவேளை:

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். இலைநரம்பின் படத்தையும், பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் உள்ள ஒரு பாட உரையையும் சேர்த்து மாணவர்களுக்குத் தாள் தயாரிக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகுமா?

சுவடிக்காரர்:

பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அதனதன் உரிமத்தை எழுதினால் பிரச்சினை இல்லை, அது தொகுப்பு. உரையைப் படத்துக்குள் இழைத்து ஒரே விளக்கப்படமாக மாற்றினால் சிக்கல். ஒன்று விற்கலாம் என்கிறது, மற்றது கூடாது என்கிறது, இரண்டுமே தன் உரிமத்தையே வைக்கச் சொல்கின்றன. வெளியிட வழியில்லை. நான் என்சிக்கு எதிராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரித்துண்டு:

நீங்கள் சொல்வதெல்லாம் பதில் போடும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் மொத்தமாக அள்ளிப் பயிற்சிக்குக் கொடுக்கிறார்களே, அங்கே எஸ்ஏ என்ன செய்யும்? என் கோட்டின் பாணியில் கேட்ட நிமிடத்தில் படம் வருகிறது. அதில் என் பெயரை எங்கே தேடுவது?

சுவடிக்காரர்:

இதில் உங்கள் வலி எனக்கும் உண்டு, ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். பதிப்புரிமைப்படி அனுமதி தேவைப்படும் இடத்தில்தான் உரிமம் வேலை செய்யும். சட்டமே விலக்குக் கொடுத்த இடத்தில் உரிமத்தின் நிபந்தனை எழும்பாது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரையிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறை, தரவு அகழ்வுக்கு, அதாவது படைப்புகளைக் கணினியால் மொத்தமாக அலசுவதற்கு, விலக்கு கொடுக்கிறது. உரிமையாளர் இயந்திரம் படிக்கும் வகையில் மறுப்பு வைத்தால், ஆய்வு நிறுவனங்கள் அறிவியல் ஆய்வுக்காகச் செய்வது தவிர மற்றவை நிற்க வேண்டும். ஆகவே தளத்தில் அந்த மறுப்பை வையுங்கள். அமெரிக்காவில் இது நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி கேட்காமலே சட்டம் ஏற்கும் பயன்பாடா, என்று வழக்குகள் நடக்கின்றன. பாணிக்கு எங்குமே பதிப்புரிமை கிடையாது. வரைந்த அந்தப் படத்துக்குத்தான் உண்டு. இது பழைய விதி. இல்லாவிட்டால் யாரும் யாரிடமிருந்தும் கற்றிருக்க முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. மனிதக் கை இல்லாமல் இயந்திரம் மட்டும் உண்டாக்கிய படத்துக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடைப்பதில்லை. 2023 பிப்ரவரியில் ஒரு சித்திரக்கதைக்கு அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் உரைக்கும் பக்க அமைப்புக்கும் மட்டும் பதிவு தந்தது, இயந்திரம் தந்த படங்களை விலக்கியது. படைப்பாளி மனிதராக இருக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படி வந்த படத்தைத் தன்னுடையது என்று பூட்டி வைக்க அவர்களுக்கும் வழியில்லை. உங்களுடையது கையால் வரைந்தது. மூலத் தாள்களையும் அடுக்குகள் உள்ள கோப்புகளையும் பத்திரமாக வைத்திருங்கள், வழக்கு என்று வந்தால் அவைதான் பேசும்.

என் மனக்குறை வேறு. பொதுவில் இருந்து எடுத்துச் செய்ததைப் பொதுவுக்குத் திருப்பிக் கொடு என்பதற்காகத்தான் எஸ்ஏ பிறந்தது. எத்தனையோ பேர் திறந்து வைத்த படங்களையும் எழுத்துகளையும் படித்துத் தேறிய ஒரு மாதிரியை மூடி வைத்துச் சந்தாவுக்கு விடும்போது அந்தக் கொடுக்கல் வாங்கல் பாதியில் அறுகிறது. இப்போதைய உரிமங்களால் இதை முழுக்கச் சரிசெய்ய முடியாது. சட்டம் இயற்றுகிறவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது இது, கேட்கத்தான் வேண்டும்.

இலைநரம்பு:

முடிவு செய்துவிட்டேன். செம்பருத்திக்குத் தனி உரிமம் இல்லை. வண்ணப் பிரதியை அதே உரிமத்தில் வெளியிடட்டும், விதிமுறைப் பக்கத்தில் என் படத்துக்கு விலக்கு எழுதட்டும். அது மாணவர்களுக்குப் போய்விட்ட படம். அவர்கள் புதிதாகக் கேட்கும் படங்களுக்கு மட்டும் தனியுரிமையற்ற ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கிக்கொள்கிறேன், அவையும் தளத்தில் பிஒய்-எஸ்ஏவில் வரும். அவரை விதைக்கு ஆசிரியரிடம் எழுதியிருக்கிறேன், அவர் சொல்வதுதான். செம்பருத்திக்கு என்ன வரி போட வேண்டும் என்று செயலிக்காரர்கள் கேட்கிறார்கள். எப்படி எழுதித் தரலாம்?

சுவடிக்காரர்:

நல்ல முடிவு. இதை அப்படியே அனுப்புங்கள்:

"செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டு. கோட்டுப்படம்: இலைநரம்பு (மூலப் பக்கத்தின் இணைப்பு). வண்ணமும் பெயர்க்குறிப்புகளும்: செயலியின் பெயர். மூலப்படத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது. உரிமம்: சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 (உரிமப் பக்கத்தின் இணைப்பு)."

படத்தின் கீழேயே இருந்தால் நல்லது. இடம் போதாவிட்டால் படத்தைத் தொட்டதும் திறக்கும்படி வைக்கலாம், சூழலுக்குப் பொருந்தும் நியாயமான எந்த முறையையும் உரிமம் ஏற்கிறது. "நன்றி: இணையம்" என்று போட்டால் மட்டும் விடாதீர்கள். 30 நாள் கழிந்தும் அசையாவிட்டால் செயலி அங்காடியின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் இந்தக் கோப்புகளையெல்லாம் இணைத்துப் போடுங்கள். வண்ணப் பிரதி வெளிவந்ததும் இங்கே இணைப்பைக் கொடுங்கள், எங்கள் பாடநூலில் இப்போது கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கிறது.